நாமன்னா யார் யாரு?

"திரும்பிப் பாக்கக் கூடாது. சீட்டை மட்டும் பின்னாடி நீட்டுங்க" என்று அதட்டுகிறார் குறுக்கக்கா.

இரண்டு நாற்காலிகள் முதுகுக்கு முதுகு போடப்பட்டிருக்கின்றன. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. ஒன்றில் பூட்டுக்காரர், மற்றதில் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண். பூட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தோளுக்கு மேலே நீட்டுகிறார். அது நேராக அந்தப் பெண்ணின் கைக்குப் போக வேண்டும். போகாது. நடுவில் நிற்கிற குறுக்கக்கா அதை லபக்கென்று பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படிக்கிறார். பிறகு, நேற்று இதே ஆள் இதே கையெழுத்தோடு எழுதிக் கொடுத்த பழைய சீட்டு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதை அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறார். அவள் கையெழுத்தைப் பார்க்கிறாள். "சரி, ஒத்துக்கறேன்" என்கிறாள்.

"ஒத்துக்கிட்டியா? போச்சு! நீ ஒத்துக்கிட்டது நேத்து சமாசாரம்."

குறுக்கக்கா கைதட்டிச் சிரிக்கிறார். யாராவது அகப்பட்டுக்கொண்டால் அவருக்கு அப்படி ஒரு குஷி.

பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் அவருக்கு உத்தியோகமே இதுதான். இணையத்தில் இரண்டு கருவிகள் ரகசியமாகப் பேசத் தொடங்கும் முன் அவற்றுக்குள் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடக்கும். நீ யார், நான் யார், எந்தச் சாவியால் பூட்டி அனுப்புவது என்று மூன்று நான்கு செய்திகள். கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்துவிடும். யார் முதலில் பேச வேண்டும், எதற்கு எது பதில் என்று வரிசையாக எழுதி வைத்த அந்த ஒப்பந்தத்துக்கு நெறிமுறை என்று பெயர். அதை எழுதுகிறவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள். எழுதி முடித்ததும் இந்த அலுவலகத்துக்குக் கொண்டுவருவார்கள். குறுக்கே புகுந்து கெடுக்க முடியுமா, முடியாதா என்று பார்த்துச் சொல்வது இவருடைய வேலை. பதினான்கு வருஷமாகக் குறுக்கே நிற்பதால் பெயரே அப்படி ஆகிவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம். பென்சில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்தாலும் விடமாட்டார். அலுவலகத்தில் எல்லோரிடமும் நாலு பேனா இருந்தால் அவருடைய மேசையில் பதினெட்டுக் குட்டைப் பென்சில்கள் இருக்கும்.

அடுத்த மேசைதான் பூட்டுக்காரர். செய்தியைப் பூட்டுகிற கணக்கு முழுவதும் அவருக்கு அத்துப்படி. "என் பூட்டை உடைக்க ஒருத்தன் இனிமேத்தான் பொறந்து வரணும்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்கு உண்டது செரிக்காது.

"உங்க பூட்டை யாருங்க கேட்டா? அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்பார் குறுக்கக்கா. "பூட்டை உடைக்கிறவன் மக்குப் பய. கெட்டிக்காரன் சாவியை நம்ம கையாலயே வாங்கிட்டுப் போயிடுவான்."

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டின் கணக்கு குறுக்கக்காவுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதைச் சொல்ல அவர் வெட்கப்படுவதும் இல்லை. அவருக்குத் தெரிந்தது பேச்சு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வார் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார்: "யாரு சொன்னது? யாருகிட்டச் சொன்னது? எப்பச் சொன்னது?" மூன்றுக்கும் செய்திக்கு உள்ளேயே பதில் இருக்க வேண்டும். "அதான் உறையில இருக்கே", "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்ற சமாதானம் எல்லாம் அவரிடம் செல்லாது. "உறையை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று திருப்பிக் கேட்பார்.

வேலை செய்கிற விதமும் தனி தினுசு. கம்பெனிக்காரர்கள் அம்புக்குறியும் ஒற்றை எழுத்துமாகக் கோலம் போட்ட மாதிரி நெறிமுறையை எழுதித் தருவார்கள். மற்றவர்கள் அதை அப்படியே கணினிக்குக் கொடுப்பார்கள். இவர் முதலில் ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு செய்தியையும் வாயால் பேசுகிற வாக்கியமாக எழுதிக்கொள்வார். 'நான்தான் டாக்டர், இந்தா என் பாதிச் சாவி, உன் பாதியைக் குடு.' இப்படி. "வாயில வரலைன்னா மண்டையில ஏறலைன்னு அர்த்தம்" என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சரிபார்ப்பு மென்பொருளுக்குப் புரிகிற பாஷையில் அடித்துக் கொடுப்பார். அந்த மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார். குறுக்கே நிற்கிறவன் செய்தியைப் பிடுங்கினால், மாற்றினால், பழசைத் திருப்பி அனுப்பினால் என்று எத்தனை வழி உண்டோ அத்தனையையும் வாத்தியார் சளைக்காமல் போட்டுப் பார்ப்பார். கெடுக்க வழி இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு.

குறுக்கே நிற்கிற அந்தக் கற்பனைத் திருடனுக்கும் பெயர் உண்டு: "அந்தப் பய". "அந்தப் பய இங்க என்ன பண்ணுவான்?" என்று மூக்கைச் சொறிந்துகொண்டு யோசிப்பார். குரலில் ஒரு பாசம்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். "உனக்கு என்னைவிட அந்தப் பய மேலதாம்மா அக்கறை" என்று கல்லூரியில் படிக்கிற மகள் சொல்லிக்காட்டுவாள்.

மகள் பாவம். வெளியூர் போனால் 'வந்து சேர்ந்துட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தப்பிக்க முடியாது. உடனே பதில் கேள்வி வரும்: 'உனக்கு எதிர்ல இப்ப என்ன தெரியுது?' ஒரு தடவை, 'ஒரு தாத்தா வாழைப்பழம் சாப்பிடறார்' என்று எழுதினாள். அடுத்த தடவையும் அதையே எழுதினாள். பத்து நிமிஷம் தொலைபேசியில் அர்ச்சனை நடந்தது.

"பழைய பதிலையே திருப்பி அனுப்பினா, அனுப்பறது நீதான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"அந்தத் தாத்தா தெனமும் பழம் சாப்பிடறாரும்மா!"

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்பதால்தான் அவருடைய கையெழுத்துக்கு ஒரு மரியாதை. 'குறை காணப்படவில்லை' என்று எழுதி அடியில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், கம்பெனிக்காரர்கள் அதற்கு மேல் யாரிடமும் கேட்பதில்லை. நான்கு மாதம் முன்பு ஒரு மருத்துவமனைச் செயலிக்கும் அப்படித்தான் போட்டார். நோயாளி வீட்டில் இருந்தபடியே கைபேசியில் டாக்டரிடம் பேசலாம். டாக்டரின் திரையில் அந்த நோயாளியின் கார்டு தானாகத் திறக்கும். மருந்துச் சீட்டும் அதிலேயே வந்துவிடும். அதை உருவாக்கிய கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஒரு பெண்மணி, இரண்டு கேள்வி கேட்டால் மூன்றாவது கேள்வியைத் தானே கேட்டுக்கொள்கிற ரகம். அறிக்கையை வாங்கிக்கொண்டு, "நீங்க பாத்தாச்சுல்ல? இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செயலி ஒரு திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்குவதாக நாள் குறித்தாயிற்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, குறுக்கக்காவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'நாம சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பறோம். மலையில குளிர் ஜாஸ்தி, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.' எழுதியது கணவரின் தங்கை. அனுப்பி வைத்தது கணவர்.

அடடா, என்ன சந்தோஷம்! ஏழு வருஷமாக எங்கேயும் போனதில்லை. மறுநாளே மேலாளரிடம் போய்த் திங்கட்கிழமைக்கு லீவு சொன்னார். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார். பூட்டுக்காரரிடம், "மூணு நாளைக்கு உங்க பூட்டை நீங்களே பாத்துக்கோங்க, நாங்க மலைக்குப் போறோம்" என்றார். வரவேற்புப் பெண்ணிடம் மலையில் என்ன விசேஷம் என்று விசாரித்தார். மாலை வீட்டுக்கு வந்து மூன்று ஸ்வெட்டரையும் வெயில் போவதற்குள் ஜன்னலில் உலரப் போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு உதவி. சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் எங்க பூனையை உங்க வீட்ல விட்டுட்டுப் போகட்டுமா?"

குறுக்கக்கா சிரித்தார். "அப்ப எங்க வீட்ல யாரு இருப்பா? நாங்களும்தானே வர்றோம்?"

"அது வந்து அண்ணி... வண்டியில எங்க மாமனார் வீட்டு ஆளுங்களுக்கே இடம் பத்தலை... அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?" என்று இழுத்தாள்.

முகம் செத்துப்போயிற்று. "இல்லல்ல, சும்மா கேட்டேன். பூனையைக் கொண்டுவந்து விடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். கூப்பிடாத விருந்துக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்ற மாதிரி அவமானமாக இருந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து கணவர் வேலை முடிந்து வருவதற்கும் அதற்கும் சரியாக இருந்தது. மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எதுக்கு அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினீங்க?"

"தங்கச்சி ஊர்ல இருக்க மாட்டா, தெரிஞ்சுக்கட்டுமேன்னு அனுப்பினேன். ஏன்?"

"நாமன்னு எழுதியிருந்துச்சே! நாங்கன்னு எழுதியிருந்தா நான் வாயைத் தொறந்திருப்பேனா?"

"அவ புருஷன் வீட்டு ஆளுங்களுக்குப் போட்டதும்மா அது. படிக்கிறவங்க அவங்கதானே, அதான் நாமன்னு எழுதியிருக்கா. உன் கைக்கு வந்துட்டா அந்த நாமல நீயும் சேந்துடுவியா?"

மகள் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அவளுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வருமா? "அம்மா, யாருகிட்டச் சொன்னதுன்னு நீ கேக்கவே இல்லையேம்மா!"

திட்டுவதற்காக வாயைத் திறந்த குறுக்கக்கா, திறந்த வாயை மூடவில்லை. கையில் பாதி மடித்த ஸ்வெட்டர். 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. 'நாம' என்றால் கேட்கிறவர் உள்ளே. ஆனால் யார் கேட்கிறார்கள் என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது; காதில் வாங்கியவர் யாராக இருந்தாலும் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும். சரி, அதற்கு என்ன இப்போது? கோடு போட்ட நோட்டில், மருத்துவமனைச் செயலிக்கான பக்கத்தில், மூன்றாவது செய்திக்கு அவர் தன் கைப்பட எழுதிய வாக்கியம் நினைவுக்கு வந்ததுதான் காரணம். 'ஆச்சு. நாம இனிமே இந்தச் சாவியிலதான் பேசறோம்.'

மலையும் ஸ்வெட்டரும் பூனையும் ஒரே நொடியில் மறந்துபோயின.

அலுவலகக் காகிதம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை காலை, பெருக்கித் துடைக்கிறவர் வருவதற்கு முன்பே குறுக்கக்கா தன் மேசையில் இருந்தார். இடது பக்கம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த நெறிமுறை, நடுவில் நோட்டு, வலது பக்கம் வாத்தியாருக்கு அவர் அடித்துக் கொடுத்த வரிகள். கம்பெனியின் காகிதத்தில், பதினான்காம் பக்கம், மூன்றாவது செய்தி: இரண்டு பாதிச் சாவிகள், கீழே கையெழுத்து. பெயர் எதுவும் இல்லை. நோட்டில்: 'நாம'. வாத்தியாருக்குக் கொடுத்ததில்: நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், இரண்டு பாதிச் சாவிகள், கையெழுத்து.

இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன? யாரும் கொடுக்கவில்லை. நாம என்று எழுதியபோது அவர் மனசில் இரண்டு பேர் இருந்தார்கள், நோயாளியும் டாக்டரும். மனசில் இருந்ததை விரல்கள் அடித்துவிட்டன. வாத்தியார் உத்தமமாகப் பார்த்துப் பச்சை கொடுத்தது, உலகத்தில் யாரும் செய்யாத ஒரு செயலிக்கு. கம்பெனிக்காரர்கள் செய்துவைத்திருப்பதோ பதினான்காம் பக்கத்தில் இருக்கிறபடி.

பெயர்களை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தார். பதினோரு விநாடியில் சிவப்பு.

பூட்டுக்காரர் வந்து பையை வைப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். "இப்ப நீங்கதான் டாக்டர்." வரவேற்புப் பெண் நோயாளி. இருவரும் பாதிச் சாவிகளை எழுதி மாற்றிக்கொண்டார்கள். குறுக்கே நிற்கிறவர் இரண்டு பாதியையும் பார்த்தாலும் முழுச் சாவி ஆகாது; அதற்கு அவரவர் மனசுக்குள் வைத்திருக்கிற ரகசிய எண்ணும் வேண்டும். குறுக்கக்கா தொடவில்லை, அப்படியே கடத்திவிட்டார். அந்தப் பெண் மூன்றாவது சீட்டு எழுதினாள்: இரண்டு பாதிச் சாவி, கையெழுத்து. குறுக்கக்கா அதை வாங்கிக் கத்தரிக்கோலால் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் பூட்டுக்காரரிடம் கொடுத்தார்.

"சாவி சரியா இருக்கா?"

"சரிதான்."

"கையெழுத்து?"

"உங்க கையெழுத்துதான். நல்லாவே தெரியுது."

"அப்ப நீங்க யாரோட பேசறீங்க?"

"உங்களோடதான். வேற யாரோட?"

குறுக்கக்கா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீ யாரோடம்மா பேசறே?"

"டாக்டரோட."

"சரி, இப்பப் பூட்டிப் பேசு. நான் படிக்க மாட்டேன், படிக்கவும் முடியாது."

அவள் ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நீட்டினாள். குறுக்கக்கா பிரிக்காமல் அப்படியே கடத்தினார். பூட்டுக்காரர் பிரித்து, "நெஞ்சு வலிக்குது டாக்டர், என்ன மாத்திரை போடட்டும்?" என்று படித்தார். படித்துவிட்டுக் குறுக்கக்காவைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கா நெஞ்சு வலி?" என்று கேட்டார். கேட்ட வேகத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த உறையை மடியில் போட்டுவிட்டார்.

"எனக்கு இல்ல, அவளுக்கு" என்றார் குறுக்கக்கா. "எந்த மருந்து அவளுக்கு ஆகாதுன்னு அவ கார்டுல எழுதியிருக்கும். உங்க திரையில இருக்கறது என் கார்டு. நீங்க எழுதற மருந்துச் சீட்டும் என் பேருக்குத்தான் வரும். செயலியில நோயாளின்னு பேர் பதிஞ்ச எந்தப் பயலும் இதைச் செய்யலாம். உங்க பூட்டு கெட்டிதாங்க. ஒரு எழுத்தைக்கூட அவன் படிக்கலை."

பூட்டுக்காரர் அன்று முழுவதும் தன் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலாளர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். குறுக்கக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் தண்ணீர் குடித்தார். பிறகு, "சரிபண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"கையெழுத்துப் போடற செய்திக்குள்ள ரெண்டு பேர் பேரையும் சேக்கணும். ஒரு வரி வேலை. ஆனா மறுபடி எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கணும். ரெண்டு வாரம்."

"திங்கக்கிழமை?"

"முடியாது சார். இன்னிக்கே சொல்லிடணும்."

அதில் அவருக்கும் மறுபேச்சு இல்லை. கம்பெனியின் தலைமைப் பொறியாளருக்குத் தொலைபேசியில் சொன்னார், திங்கட்கிழமை நின்றது. அந்தப் பெண்மணி சத்தம் போடவில்லை. "எழுத்துல குடுங்க. எப்படி விட்டுப்போச்சுன்னும் எழுதுங்க" என்று மட்டும் கேட்டார். மேலாளர் கடிதத்தைத் தானே எழுத உட்கார்ந்தார். குறுக்கக்கா எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்மையில் தெரியவந்துள்ள ஒரு புதிய தாக்குதல் முறையைக் கருத்தில் கொண்டு..." என்று மேலாளர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

"புதுசு இல்ல சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே புஸ்தகத்துல இருக்கு. நானே நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன்."

மேலாளர் அதை அழித்தார். கொஞ்ச நேரம் யோசித்து மறுபடி அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். 'முந்தைய ஆய்வில் மூன்றாவது செய்தியைச் சரியாகக் கவனிக்கத் தவறிவிட்டோம். மன்னிக்கவும்.'

"இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

குறுக்கக்கா படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"யாரு சார் தவறினது?"

"ஆபீஸ்தான். எல்லாரும்தான். இங்க பாருங்க, உங்க பேரை இதுல இழுத்தா, இதுவரைக்கும் நீங்க கையெழுத்துப் போட்ட முப்பத்தொன்பது அறிக்கையையும் திருப்பிப் பாக்கச் சொல்வாங்க. அவங்க மட்டும் இல்ல, எல்லாக் கம்பெனியும். அது முடியற வரைக்கும் உங்க கையெழுத்து செல்லாது. பதினாலு வருஷம் சேத்து வெச்ச பேருங்க. ஒரு வார்த்தைக்காக எதுக்குப் போகணும்?"

அறை வாசலில் பூட்டுக்காரர் நின்றிருந்தார். சிரிக்க வைக்கிறதாக நினைத்துக்கொண்டு, "தவறிவிட்டோம்னா நானும் உள்ள வர்றேனா சார்?" என்று கேட்டார்.

குறுக்கக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. முப்பத்தொன்பது அறிக்கைகளும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. வங்கி, பள்ளிக்கூடம், ரயில் டிக்கெட், இரண்டு தபால் சேவைகள். எல்லாவற்றுக்கும் அதே கோடு போட்ட நோட்டு, அதே விரல்கள். எத்தனை இடத்தில் 'நாம' என்று எழுதி, இல்லாத பெயரை அடித்துச் சேர்த்தாரோ? ஒன்றிலும் இல்லாமலும் இருக்கலாம். அவருக்கே தெரியாது. மேலாளர் எழுதியதை வைத்துக்கொண்டு எதைத் திருப்பிப் பார்ப்பது என்று வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளை முதல் இந்த அலுவலகத்தில் தனக்கு என்ன வேலை இருக்கும் என்றும் தெரியவில்லை.

"பாக்கத்தான் சார் வேணும்" என்றார். குரல் எப்போதும் இருக்கிற கனத்தில் இல்லை. "முப்பத்தொன்பதையும் பாக்கணும். நான் பாக்கக் கூடாது, வேற யாராவது பாக்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமை அனுப்பினாக்கூடப் போதும்" என்றார் மேலாளர்.

குறுக்கக்கா எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'தவறிவிட்டோம்' என்பதில் கடைசி இரண்டு எழுத்துகளை அழித்தார். அந்த இடத்தில் 'டேன்' என்று அடித்து, கீழே தன் முழுப் பெயரையும் எழுதி, அனுப்பினார்.